மூன்றாவது மாதம் யார் வருவார்கள்?

நாமக்கல் என்றதும் எல்லோருக்கும் மூன்று விஷயம் ஞாபகம் வரும். முட்டை, லாரி, ஆஞ்சநேயர். இந்தக் கட்டுரையில் முட்டைக்கு வேலை இல்லை. மற்ற இரண்டுக்கும் நிறைய வேலை இருக்கிறது!

1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தது, பிழைப்பு பிரியவில்லை. சங்ககிரி என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி, நாமக்கல் என்றால் டேங்கரும் பாடி கட்டும் பட்டறையும். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாக கரூர் போகும் சாலை (முன்பு என்.எச். 7, இப்போது 44) ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்டை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு ரோடு சோறும் போடும், சமயத்தில் வேறு ஒன்றையும் கொடுக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

இறந்தவர்கள் கணக்கு பேப்பரில் வருகிறது. பிழைத்தவர்கள்? அதிலும் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள்? அவர்கள் கதை எந்தக் கணக்கிலும் முழுதாக வராது. இங்கே பேச வந்தது அவர்களைப் பற்றியும், அவர்கள் வீட்டாரைப் பற்றியும்தான்.

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கற்பனையாகவே இருக்கட்டும். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். 28 வயது டிரைவர். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. ராத்திரி ஒரு மணிக்கு போன் வருகிறது. "தலையில அடிங்க... சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறோமுங்க."

முதல் சில மணி நேரத்தில் தமிழ்நாடு நன்றாகவே வேலை செய்யும். 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர், கையில் என்ன கார்டு இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. லாரி ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். வடநாட்டு டிரைவர் இங்கே அடிபட்டாலும் அவருக்கும் இதே சிகிச்சைதான்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வாசலில் அந்த ராத்திரியே கூட்டம் கூடிவிடும். பங்காளி, மாமன் மச்சான், வண்டி ஓனர், கூட ஓட்டும் டிரைவர்கள், ஊர்ப் பசங்க. ரத்தம் வேண்டுமா, நாலு பேர் கையை நீட்டுவார்கள். பணம் வேண்டுமா, யாரோ ஒருவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கொங்குப் பக்கத்து ஜனங்களிடம் இந்தக் குணம் எப்போதும் உண்டு. கல்யாணத்துக்கு மொய், கஷ்டத்துக்குக் கை.

உள்ளே ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் ஒரு மார்க் போட்டுக்கொண்டிருப்பார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று பெயர். 1974இல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே இல்லை என்றாலும் 3 மார்க் உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையான காயம். பத்தாவது பரீட்சையில் மகன் வாங்கிய மார்க்கைக்கூடக் கேட்டிருக்காத அம்மா, இப்போது தினமும் நர்சம்மாவிடம் கேட்பார். "இன்னைக்கு எம்பையனுக்கு எத்தனைங்க?"

வெளியே வேறொரு சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். வேண்டுதல்.

அம்மா நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொள்வார். பெரியம்மா கோட்டை மாரியம்மனுக்குப் பூ மிதிப்பதாகச் சொல்வார். பக்கத்து பெட் பாய் வீட்டம்மா ஓதிக் கட்டிய கயிறு ஒன்றைக் கொடுப்பார். அதையும் மறுக்காமல் வாங்கிக் கையில் கட்டுவார்கள். வேளாங்கண்ணி எண்ணெய் வரும். திருச்செங்கோட்டுத் திருநீறு வரும். ஐ.சி.யூ. வாசலில் எந்தச் சாமிக்கும் சண்டை இல்லை.

"இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். "கும்பிட்டதால்தான் பிழைத்தான்" என்று சொல்வதும் சுலபம். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கலாம்.

பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. 2006இல் முடிவு வெளியானது. ஹெர்பர்ட் பென்சன் என்ற டாக்டர் தலைமையில், 6 மருத்துவமனைகளில், இதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாத ஆட்கள் தங்களுக்காகப் பிரார்த்தனை செய்வது சிலருக்குத் தெரியாது. அவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. பிரார்த்தனையே இல்லாதவர்களில் 51 சதவீதம். வித்தியாசம் இல்லை. "உங்களுக்காகக் கண்டிப்பாகப் பிரார்த்தனை செய்கிறார்கள்" என்று முன்பே சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்! 'நம் நிலைமை அவ்வளவு மோசமா?' என்ற பயமாக இருக்கலாம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள்.

ஆக, தூரத்தில் யாரோ முகம் தெரியாதவர் கும்பிடுவதால் உடம்பு தேறும் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வடைமாலை வேண்டிக்கொண்ட அம்மா முகம் தெரியாதவர் இல்லையே! அவர் பெட் பக்கத்திலேயே இருக்கிறார். ஆய்வு தொடாத இடம் அது.

'நேர்த்திக்கடன்' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? கடன்! காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பிடித்த வார்த்தை. கடன் என்றால் எதிர்காலத்தில் ஒரு தேதி இருக்கிறது என்று அர்த்தம். "பையன் எந்திரிச்சு நடந்து வந்து மாலை சாத்தோணும்" என்று வேண்டிக்கொள்ளும்போது, அந்த அம்மா 'நாளை' என்று ஒன்று இருப்பதாகக் கணக்கில் எழுதி வைக்கிறார். ஆஞ்சநேயருக்கு அதனால் என்ன லாபமோ தெரியாது. அந்த வீட்டுக்கு லாபம் உண்டு. விடிந்தால் எழுந்து பல் தேய்த்து, டீ குடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரி படி ஏற ஒரு காரணம் கிடைக்கிறது. மூளைக் காயத்தில் அந்தக் காரணம் ரொம்ப முக்கியம். ஏனென்றால் இது நீண்ட நாள் வேலை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். நடிகர் நாசர் குடும்பம். 2014 மே மாதம் மாமல்லபுரம் அருகே நடந்த கார் விபத்தில் அவருடைய மூத்த மகன் மோசமாக அடிபட்டார். பல நாட்கள் நினைவில்லை. பிறகு நினைவு திரும்பியபோது நடந்ததை நாசரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மகன் முதலில் சொன்ன பெயர் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'விஜய்'! அந்தப் பெயரில் இருந்த நண்பனைத்தான் தேடுகிறார் என்று நினைத்து அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பலன் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, அது நடிகர் விஜய். விபத்துக்கு முன்பு மகன் அவருடைய தீவிர ரசிகர். விஜய் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள், முகம் மாறியது. விஷயம் தெரிந்து விஜய் நேரில் வந்து பார்த்தார், பிறந்த நாளுக்கு வந்தார், உகுலேலே என்ற சின்ன கிடார் மாதிரியான வாத்தியம் ஒன்றைக் கொடுத்தார்.

சினிமாக்காரர் வீட்டுக் கதை, நமக்கு விஜய் வருவாரா என்று கேட்கலாம். இதில் முக்கியமானது விஜய் வந்தது மட்டும் இல்லை. எந்தக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும் என்று அந்தப் பெற்றோர் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கதவு திறக்காதபோது அடுத்ததைத் தட்டினார்கள். அந்தத் தேடலும் நம்பிக்கைதான்.

இதற்குக் கொஞ்சம் அறிவியல் பின்னணியும் இருக்கிறது. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆராய்ச்சியாளர், சாலை விபத்தில் மூளை அடிபட்டு எந்த அசைவும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேனில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்று சொன்னார். நன்றாக இருப்பவர்களுக்கு மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடம் அவருக்கும் வேலை செய்தது! வெளியே கட்டை மாதிரி கிடந்தவர் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். 2015இல் தெரசா பேப் என்பவரின் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. 15 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். நினைவு மங்கிக் கிடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, சொந்தக்காரர்கள் தங்கள் குரலில் பழைய கதைகளைச் சொன்ன பதிவைத் தினம் நாலு தடவை, ஆறு வாரம் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் கேட்காதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உடனே மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்கள் பெட் பக்கத்திலேயே நின்று, "இனி இவன் எங்கீங்க எந்திரிக்கப் போறான்... குழந்தைய நெனச்சாத்தான் பாவமா இருக்குது" என்று உச்சுக் கொட்டுவதை நிறுத்தலாம். அவன் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக "டேய் மாப்ள, மழை பேஞ்சு ஏரி ரொம்பிருச்சுடா" என்று சொல்லிவிட்டு வரலாம்.

சரி, டிரைவர் வீட்டுக்கு வருவோம். இருபது நாளில் கண் திறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாவது நாள் வீட்டுக்கு வருகிறான். ஊரே வந்து பார்க்கிறது. ஆரத்தி, திருஷ்டிப் பூசணி, கண்ணீர். ஆரஞ்சு, ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் அலமாரி நிறைந்துவிடும். "சாமி காப்பாத்திருச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம்.

உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பம்!

நடக்க முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண். விழுங்குவது சரியாக வராவிட்டால் ஒவ்வொரு வாய் சோறும் ஜாக்கிரதை. பிசியோதெரபி தினமும். கை கால் தேறினாலும் வேறு மாதிரி சிக்கல்கள். காலையில் சொன்னது சாயந்திரம் மறந்துபோகும். சின்னச் சத்தத்துக்குக்கூடக் கோபம் வரும். அமைதியான ஆள் மனைவியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்: "ஆளு நல்லாத்தானுங்களே இருக்கறாப்ல? வேலைக்குப் போறதுக்கென்ன?" அந்த ஒரு வரி, விபத்தைவிட அதிகமாக வலிக்கும்.

மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் குணம் மாறும் என்பது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலை செய்த பினியாஸ் கேஜ் என்பவரின் மண்டையில் இரும்புக் கம்பி ஒன்று புகுந்து வெளியே வந்தது. பிழைத்தார். ஆனால் 'பழைய கேஜ் இல்லை' என்றார்கள் நண்பர்கள். புத்தகங்களில் பெரும்பாலும் கதை இதோடு முடிந்துவிடும். முடியாத பகுதிதான் நம்ம ஊருக்கு வேண்டியது. கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைக் கோச்சு ஓட்டினார். ஆமாம், டிரைவர் வேலை! தினமும் அதே நேரம், அதே பாதை, அதே வேலை என்ற ஒழுங்கு அவரைத் தேற்றியிருக்கலாம் என்று அவரைப் பற்றி ஆராய்ந்த மால்கம் மேக்மிலன் சொல்கிறார். அடிபட்ட மூளைக்குத் தேவை ஒழுங்கு. அந்த ஒழுங்கை அவனால் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. சுற்றி இருப்பவர்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

அந்தச் சுற்றி இருப்பவர்கள் இப்போது எங்கே?

ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வாரம்: ஐம்பது பேர். முதல் மாதம்: வாரத்துக்குப் பத்து பேர். மூன்றாவது மாதம்: மாமியாரும் மருமகளும் மட்டும். இது ஆய்வுக் கணக்கு இல்லை, உங்கள் ஊரில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். யார் மேலும் குற்றம் இல்லை. அவரவருக்கு வண்டி டியூ, தறி, பண்ணை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். ஆனால் காயத்தின் செலவு அதே மாதிரி குறையவில்லையே! செலவு மூன்று வருடத்துக்குப் பரவியிருக்கிறது, வரவு மூன்று வாரத்தில் வந்து முடிந்துவிட்டது. எந்தக் கம்பெனியும் இப்படி நடந்தால் மூழ்கிவிடும். இங்கே மூழ்குவது பெரும்பாலும் ஒரு பெண். தூங்காத மனைவி, அல்லது முதுகு வலியோடு மகனைத் தூக்கும் அம்மா.

நீண்ட காலம் தாங்குவது எப்படி என்பதற்கு இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் மும்பையில் இருக்கிறது. கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளைக்கு ஆக்சிஜன் நின்று, படுக்கையில் விழுந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை ஏறக்குறைய 42 வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கே வேலை செய்த நர்ஸ்கள். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று நின்றவர்களும் அவர்கள்தான். அருணா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஒரு தலைமுறை நர்ஸ்கள் ரிட்டயர் ஆனார்கள், அடுத்த தலைமுறை பொறுப்பை ஏற்றது. எப்படி முடிந்தது? அவர்கள் எல்லோரும் தெய்வப் பிறவிகள் என்பதால் மட்டும் இல்லை. அவர்களிடம் ஷிப்ட் இருந்தது! இன்னைக்கு நீ, நாளைக்கு நான் என்ற முறை இருந்தது.

"கிராமத்தில் ஷிப்டுக்கு எங்கே போவது?" என்கிறீர்களா? நம்ம ஊர்க் கோயில்களில் அது ஏற்கெனவே இருக்கிறதே! திருவிழா வந்தால் முதல் நாள் கட்டளை இன்னார், இரண்டாம் நாள் மண்டகப்படி இன்னார் என்று நோட்டீஸ் அடிப்பதில்லையா? தன் முறை வந்த வீடு கடன் வாங்கியாவது நடத்தும். விட்டுவிட்டால் அவமானம். பத்து நாள் திருவிழாவை ஒரே வீடு நடத்தினால் ஆண்டியாகிவிடும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் முறை வைத்தார்கள். சாமிக்கு வைத்த முறையை, சாமி காப்பாற்றிக் கொடுத்த ஒரு ஆளுக்கு வைக்கக் கூடாதா?

செவ்வாய்க்கிழமை பெரியப்பா வீடு. இரண்டு மணி நேரம் வந்து உட்கார வேண்டும், அந்த நேரம் அம்மா தூங்குவார். வியாழக்கிழமை கூட ஓட்டிய டிரைவர்கள், யார் ஊரில் இருக்கிறார்களோ அவர்கள், பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவார்கள். சனிக்கிழமை மகளிர் குழு, மனைவி பேங்குக்கோ பிறந்த வீட்டுக்கோ போய் வரட்டும். பக்கத்து வீட்டுப் பையன் தினம் காலையில் தினத்தந்தியை வாசித்துக் காட்டட்டும். பணம் அதிகம் வேண்டாம். தவறாமல் வருவதுதான் வேண்டும். அடிபட்ட மூளைக்கு 'இன்னைக்கு செவ்வாய், பெரியப்பா வருவார்' என்பதே ஒரு மருந்து.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. பல வீடுகளுக்கு இது தெரியாது. நாமக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் சேலம் ஓட வேண்டியதில்லை. விபத்து இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்று, பில்கள் எல்லாம் பத்திரமாக வரிசையாக வேண்டும். அந்த அம்மாவுக்கு இதைவிட ஐ.சி.யூ. மார்க் சுலபம்! பி.காம். படிக்கும் நண்பர்களே, லெட்ஜர் போடக் கற்றுக்கொண்டது எதற்கு? ஒரு ஃபைல் வாங்கி, தேதிவாரியாக அடுக்கிக் கொடுங்கள். அதுவும் ஒரு கட்டளைதான்.

நாமக்கல் கோட்டையடியில் பதினெட்டு அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறாரே ஆஞ்சநேயர், ராமாயணத்தில் அவர் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். லட்சுமணன் நினைவிழந்து கிடந்தபோது ராம நாமம் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. விஷயம் தெரிந்தவர் என்ன மூலிகை என்று சொன்னார், இவர் போய் மலையோடு தூக்கி வந்தார். தெரிந்தவர் சொல்வதைக் கேட்பது, சுமக்க வேண்டியதைச் சுமப்பது... பக்தி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதானே?

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் நடந்து வந்து மாலை சாத்துவதில்லை. சிலர் வீல்சேரில் வருவார்கள். சிலர் வரும்போது எந்தக் கோயில் என்று கேட்பார்கள். சிலர் வரவே மாட்டார்கள். "பழையபடி ஆகணும்" என்ற ஒரே வேண்டுதலை மட்டும் பிடித்துக்கொண்டால், பாதி தேறி வந்தவனும் தோற்றவனாகத் தெரிவான். அம்மாவின் நம்பிக்கையும் தோற்றதாகத் தெரியும். 'நான் சரியா வேண்டிக்கலியோ' என்று தன்னையே நொந்துகொள்ளும் அம்மாக்கள் உண்டு. அது அநியாயம். ஸ்பூனைத் தானே பிடித்து ஒரு வாய் சாப்பிட்டான் என்றால் அன்றைக்கே போய் ஒரு வெற்றிலை மாலை சாத்திவிட்டு வரலாம். நேர்த்திக்கடனைத் தவணையில் கட்டினால் ஆஞ்சநேயர் வட்டி கேட்கப் போவதில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். முதல் வாரம் நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். இப்போது எத்தனையாவது மாதம் என்று யோசித்துப் பாருங்கள். வரும் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆப்பிள் வாங்கிப் போக வேண்டாம். கிளம்பும்போது, "அடுத்த செவ்வாக்கெழமையும் வர்றேனுங்க அம்மா, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.